மேப்பிள் அடுப்புக்கு நான் கட்டிய ஆவி மூடி

போன ஞாயிற்றுக்கிழமை கெல்சென்கிர்ச்சனில் ஒரு சாமத்தியவீடு, பெரியபிள்ளையான ஒரு பெண்ணுக்குச் சடங்கு. மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கிறோம். என் கணவர் யோகன் சும்மா நிற்க மாட்டார். முன்னால் நின்றவருக்குத் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எவர்சில்வர் தகட்டில் ஒரு பெரிய மூடி. அதன் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் குழாய். உச்சியில் ஆவி போக ஒரு குழல்.

"நல்ல வேலையா இருக்கு. ஆர் செய்து தந்தது?" என்று கேட்டார் அவர்.

யோகன் என்னைக் காட்டினார். அந்த மனிதர் சிரித்தார். பகிடி என்று நினைத்திருக்கிறார்.

"இல்லை, வெல்டிங் ஆர்?"

"நான்," என்றேன்.

"செம்புக் குழாய் வேலை?"

"அதுவும் நான்."

"அப்ப அண்ணை என்ன செய்தவர்?"

"விறகு கொத்தினவர்."

மனிதர் ஒரு வடையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். சாம்பாரைக்கூட மறந்துவிட்டார்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு என் வாய் தெரியும். பெருமை அடிக்கிறாள் என்று நினைக்கிறீர்களா? ஓம், பெருமைதான் அடிக்கப்போகிறேன். ஆனால் பெருமைக்கு நடுவில் ஒரு பெரிய மடைத்தனமும் இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். யோகன் சொன்னால் இன்னும் கூட்டிச் சொல்வார்.

கனடாவில் எனக்கு ஒரு மச்சாள் இருக்கிறார். யோகனின் தங்கை. ஒவ்வொரு வருடமும் ஒரு டின் மேப்பிள் பாணி, அந்த மரத்துச் சாற்றைக் காய்ச்சிய இனிப்புப் பாகு, அனுப்புவார். அனுப்பிவிட்டு வட்ஸ்அப்பில் கதைப்பார். "உங்கட ஜேர்மனியில உது எங்க கிடைக்கப்போகுது அண்ணி..." என்று இழுப்பார். கிடைக்கும். கடையில் கிடைக்கும். ஆனால் அந்த இழுவை இருக்கிறதே, அதில்தான் எனக்குச் சூடு ஏறிவிட்டது. மேப்பிள் மரம் இங்கே இல்லையா? தெருத் தெருவாக நிற்கிறது. கனடாவில் நிற்பது வேறு இனம், இங்கே நிற்பதில் இனிப்புக் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். கூடக் கொதிக்கவிட்டால் ஆயிற்று.

உடனே சிலர், பனங்கட்டி காய்ச்சிய பரம்பரை அல்லவா, இரத்தத்தில் ஊறியது என்று தொடங்குவீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். நான் யாழ்ப்பாணம் டவுனில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் வளர்ந்தவள். அப்பா புடவைக் கடையில் நின்றார். பனையில் இருந்து ஏதாவது இறக்கிக் காய்ச்சுவதை நான் ஒருநாளும் கண்டதில்லை. இது இரத்தத்தில் ஊறியதல்ல. கோபத்தில் தொடங்கியது.

முதல் வருடம் வீட்டில், மூன்றாம் மாடியில், குசினி அடுப்பில் காய்ச்சினோம். ஐம்பது அறுபது லீற்றர் சாறு வற்றினால்தான் ஒரு லீற்றர் பாணி. மிச்சம் எல்லாம் எங்கே போகும்? ஆவியாகிச் சுவருக்குத்தான் போகும். இரண்டாம் நாள் குசினிச் சுவரில் ஒட்டியிருந்த கடதாசி கழன்று, வாழையிலை மாதிரி முன்னுக்கு வளைந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் ஃப்ராவ் ஹார்ட்மன் என்ற ஜேர்மன் அம்மாவின் கொட்டில் கிடைத்தது. ஹால்டர்ன் பக்கம் ஒரு பழைய தோட்டம். வீட்டுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள். நான்தான் போய் மணியை அடித்துக் கேட்டேன். அந்த அம்மா கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. நான் ஏதோ சாமான் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்தப் பார்த்தார். வாங்க வரவில்லை, விற்க வரவில்லை, உங்கள் மரத்தில் துளை போட வந்திருக்கிறேன் என்றேன். கதவை விட்டுவிட்டு மரங்களை எட்டிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் உள்ளே போய்விட்டேன்.

மரமும் தந்தார், கொட்டிலும் தந்தார். எங்கள் பெயர் யோகநாதன். அது அவருடைய வாயில் நிற்கவில்லை. ஃப்ராவ் யோகா என்று கூப்பிடுகிறார். நான் திருத்தப் போகவில்லை. கொட்டில் தருகிறவர் என்ன பெயரும் வைக்கலாம்.

கொட்டிலில் செங்கல் அடுப்பு கட்டி, அதன்மேல் அகலமான எவர்சில்வர் தட்டு வைத்துக் காய்ச்சினோம். இரண்டு பருவம் போனது. ஆவி எல்லாம் எழும்பிக் கூரையில் முட்டும். குளிர்ந்து தண்ணீராகி எங்கள் தலையில் சொட்டும். போன வருடம் காய்ச்சும் பருவம் முடிந்து ஃப்ராவ் ஹார்ட்மன் ஏணி வைத்துப் பார்த்திருக்கிறார். ஓக் மர உத்தரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். அவருடைய மாமனார் போட்ட உத்தரம் அது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கத்தவில்லை. இன்னொரு முறை உத்தரம் நனைந்தால் கொட்டில் இல்லை என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. சரியானதைச் சொல்கிறவர்மேல் வரும் கோபம் இருக்கிறதே... அது சீக்கிரம் அடங்காது.

அந்தக் கொட்டிலை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. வேறு தோட்டம் தேடி, வேறு மணி அடித்து... இல்லை. ஆகவே ஆவியை உத்தரத்துக்கு விடாமல் பிடித்து வெளியே அனுப்ப வேண்டும். தட்டுக்கு மேலே ஒரு மூடி. தமிழில் ஆவி மூடி என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மன்காரர் ஹவுப என்பார்கள்.

மூடி போடுவதென்றால் இன்னொரு நன்மையும் உண்டு. அதுவரை நாங்கள் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்த சாற்றைக் கொதிக்கும் தட்டில் ஊற்றுவோம். ஊற்றினவுடன் கொதி செத்துவிடும். திரும்ப எழும்பக் கால் மணித்தியாலம். திரும்ப ஊற்றுவோம், திரும்பச் சாகும். மூடிக்குள் வீணாகப் போகிற ஆவியின் நடுவே செம்புக் குழாயைப் போட்டு, உயரத்தில் வைத்த தொட்டியில் இருந்து சாற்றை அதற்குள்ளால் விட்டால்? தட்டுக்கு வந்து சேரும்போது சாறு கொதிக்கும் தறுவாயில் இருக்கும். அதுதான் முன்சூடாக்கி. விறகு மிச்சம், நேரம் மிச்சம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் ஒரு பெரிய லோன்றியில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் துணி எல்லாம் அங்கே வரும். முதலில் துணி மடித்தேன். பிறகு இஸ்திரி மெசின். அது கிழமைக்கு இரண்டு தரம் நிற்கும், நான் கிழமைக்கு இரண்டு தரம் சத்தம் போடுவேன். ஒருநாள் முதலாளி அலுத்துப்போய், அவ்வளவு தெரிந்தால் நீயே திருத்து என்றார். திருத்தினேன். அன்றிலிருந்து நான் மெசின் பக்கம். பிறகு படித்துச் சான்றிதழ்ப் பத்திரமும் எடுத்தேன். ஆவிக் குழாய்களோடு இருபத்திரண்டு வருடம். வெல்டிங்கும் அங்கேதான் பழகினேன்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதலே கராஜில் வேலையைத் தொடங்கினேன். பூட்டிய ரெஸ்ரோரண்ட் ஒன்றின் பழைய அடுப்பு மூடியை வாங்கி, வெட்டிப் பிரித்துத் தகடாக்கினேன். கூரையைத் தட்டையாக வைத்தால் குளிர்ந்த நீர் திரும்பத் தட்டுக்குள்ளேயே சொட்டும். இட்டலிப் பானை மூடியில் இருந்து சொட்டுகிறதே, அதே கதைதான். ஆகவே நல்ல சாய்வு வைத்தேன். அடியில் சுற்றிவரத் தண்ணீர் வழிந்தோடப் பீலி. குழாய்களுக்குக் கீழேயும் ஒரு சாய்ந்த தகடு, அதில் விழும் நீரும் பீலிக்கே போகும். குழாய்களைப் பற்றவைக்க ஈயம் இல்லாத பற்றாசு. வாயில் போகிற சாமான் அல்லவா? பற்றவைத்த ஒவ்வொரு மூட்டையும் மூன்று தரம் சோதித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த மூட்டுகளை யோகன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உம்மட கைக்கு ஒரு காப்புப் போடலாம்," என்றார். இன்னும் போடவில்லை. அது வேறு கதை.

இனி மடைத்தனம்.

கனடாக்காரர் ஒருவர் போட்ட வீடியோவைப் பார்த்துத்தான் அளவுகளை எடுத்தேன். அதில் முன்சூடாக்கியின் உயரமான முனையில் ஒரு மெல்லிய குழாய், சாற்றுத் தொட்டியின் மட்டத்துக்கும் மேலே எழும்பி நிற்கும். வாய் திறந்தபடி. அதற்குள் ஒன்றும் ஓடாது. எனக்குப் பார்க்கவே கூசியது. இருபத்திரண்டு வருடம் ஆவிக் குழாய்களோடு நின்றவளுக்குத் திறந்த குழாய் என்றால் என்ன? யாரோ வேலையை அரைவாசியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான் என்று அர்த்தம். கனடாக்காரனுக்கு வேலை தெரியாது என்று முடிவு கட்டினேன். என்னுடையதில் அந்தக் குழாயைக் கட்டையாக வெட்டி, அழகான பித்தளை அடைப்பான் ஒன்றைக் கடைந்து, இறுக்கிப் பூட்டினேன்.

பெப்ரவரியில் நல்ல பனி இரவுகள் வந்தன. மரத்தில் போட்ட துளைகளால் சாறு ஓடியது. முதல் சனிக்கிழமை அடுப்பை மூட்டினோம்.

முதல் ஒரு மணித்தியாலம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொர்க்கம். ஆவி எல்லாம் குழல் வழியாக வெளியே போகிறது. கொட்டிலுக்குள் யோகனின் கண்ணாடிகூட மங்கவில்லை. உத்தரம் எலும்பு மாதிரிக் காய்ந்து நிற்கிறது. தட்டுக்கு வரும் சாறு கை வைக்க ஏலாத சூடு. நான் கதிரையைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு இருந்தேன். உண்மையாகவே இருந்தேன்.

யோகன் வெளியே விறகு அடுக்கிக்கொண்டு நின்றவர் தலையை நீட்டினார்.

"மலர், மணம் மாறுது."

விறகின் மணமாக இருக்கும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார். இந்த முறை உள்ளே வந்துவிட்டார்.

"இது விறகு இல்லை. எரியுது. திறந்து பாரும்."

மூடியின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தேன். திறந்தேன். தட்டின் ஒரு மூலையில் அடி தெரிந்தது. மற்றப் பக்கம் கபில நிறத்தில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. சாறு வரும் குழாயில் ஒரு சொட்டு இல்லை. மேலே தொட்டி நிறையச் சாறு நிற்கிறது, கீழே தட்டு காய்கிறது. மூடி போட்டிருந்ததால் இவ்வளவு நேரமும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்பென்றால் கண் முன்னால் தெரிந்திருக்கும்.

யோகன் சவலால் நெருப்பை இழுத்து வெளியே கொட்டினார். நான் வாளி வாளியாகக் குளிர்ந்த சாற்றை ஊற்றினேன். தட்டு துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம் போட்டது. கறுத்த, கசந்த ஆவி குழலால் போகாமல் கதவால் வெளியே வந்தது. கொட்டில் வாசலில் நெருப்புத் தணல். அந்த நேரம் பார்த்து ஃப்ராவ் ஹார்ட்மன் வந்து நின்றார்.

தட்டைப் பார்த்தார். தணலைப் பார்த்தார். பிறகு மேலே உத்தரத்தைப் பார்த்தார். அது காய்ந்துதான் இருந்தது.

"போன வருசம் நனையுமெண்டு பயந்தன், ஃப்ராவ் யோகா. இப்ப எரியுமெண்டு பயப்பட வேண்டிக் கிடக்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

அடுத்த சனிக்கிழமை ஒரு தரம், அதுவும் தான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் என்றார். அதிலும் பிழை வந்தால் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் மற்றவர்களைத் திட்டினேன். தட்டுக்குச் சாற்றை அளந்து விடும் மிதவை சரியில்லை என்றேன். செம்பு தரம் குறைவு என்றேன். யோகன் விறகைக் கூடப் போட்டுவிட்டார் என்றேன். அவர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். வினாகிரி ஊற்றி ஊறவைத்து, மூன்று பின்னேரம் இருந்து தேய்த்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

புதன்கிழமை வேலையால் வந்து, கராஜில் முன்சூடாக்கியை மூடியில் இருந்து கழற்றி இரண்டு கதிரைகளின்மேல் வைத்தேன். குசினிச் சுவர்க் கடதாசியைக் கழற்ற வாங்கிய ஆவி மெசின் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைக் குழாய்களுக்குக் கீழே வைத்துப் பழைய கம்பளியால் மூடினேன். மேலே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து ஓடவிட்டேன். ஓடியது. குழாய் சூடாகியது. ஓட்டம் மெலிந்தது... சொட்டாகியது... நின்றது.

குழாயைத் தட்டிப் பார்த்தேன். கீழ் வரிசையில் தண்ணீர் நிற்கும் சத்தம். மேல் வளைவில் தகர டப்பா மாதிரி வெறுஞ்சத்தம். காற்று.

அப்போதுதான் விளங்கியது. குளிர்ந்த சாற்றுக்குள் காற்று கரைந்து இருக்கிறது. சூடேறினால் அது குமிழாகி வெளியே வரும், மேல் வளைவில் போய்ச் சேரும். லோன்றியில் குழாயில் நிற்பதைத் தள்ள அழுத்தம் இருக்கிறது. இங்கே அழுத்தம் ஏது? சாறு தன் பாரத்தில்தான் இறங்குகிறது. வழியில் காற்று குந்தியிருந்தால் சாறு நின்றுவிடும். அந்தக் காற்று வெளியே போகத்தான் கனடாக்காரன் ஒரு வாயைத் திறந்து வைத்திருக்கிறான். அதற்குத்தான் நான் பித்தளையில் பூட்டுப் போட்டேன்.

திருகு சாவியை எடுத்து அடைப்பானைத் தளர்த்தினேன். புஸ் என்று துப்பியது. இரண்டு மூன்று தரம் விக்கல் எடுத்தது. வாளித் தண்ணீர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

யோகன் தட்டைத் தேய்த்துக்கொண்டு இருந்த இடத்தில் இருந்தே பார்த்தார். நான் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"பிழை என்னில தான்," என்றேன்.

"அந்தக் குழாய் வீடியோவில திறந்து தானே இருந்தது?"

"ஓம்."

"பிறகேன் அடைச்சனீர்?"

"திறந்த குழாயைக் கண்டா எனக்குக் கை சும்மா இராது."

"இருபத்திரண்டு வருசப் பழக்கம்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எண்டாலும் வடிவான அடைப்பான் தான்."

வாசகர்களே, வேலை தெரியாதவன் விடும் பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை தெரிந்தவள் விடும் பிழை இருக்கிறதே... அது மினுக்கி, இறுக்கி, சோதித்துப் பார்த்த பிழை. ஒரு சொட்டு ஒழுகாது. நானே அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். எங்கள் சனத்தில் எத்தனை பேர் ஒரு வேலையில் கெட்டிக்காரராகி, அந்தக் கெட்டித்தனத்தை வீட்டுக்கும் சங்கத்துக்கும் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் கொண்டுபோய் இறுக்கிப் பூட்டுகிறார்கள்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

வெட்டிய குழாயைத் திரும்ப நீட்டினேன், தொட்டி மட்டத்துக்கு மேலே ஒரு முழம். வாயைத் திறந்தே விட்டேன். தட்டின் பக்கத்தில் சாறு எவ்வளவு நிற்கிறது என்று வெளியே இருந்து பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயும் பூட்டினேன். கால்மேல் கால் போட்டு இருக்கிறவளுக்குக் கண்ணுக்கு வேலை வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. ஃப்ராவ் ஹார்ட்மன் சொன்னபடி வந்து நின்றார். சும்மா அல்ல, தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றையும் கையில் கொண்டுவந்தார். அதைக் கண்டதும் எனக்குக் கொதித்தது. ஆனால் என்ன சொல்ல? நான் அவராக இருந்தால் இரண்டு கொண்டுவந்திருப்பேன்.

அடுப்பை மூட்டினோம். மெல்லிய குழாய் கொஞ்ச நேரம் விக்கியது, துப்பியது, பிறகு அடங்கியது. சாறு நூல் பிடித்த மாதிரித் தட்டில் இறங்கியது. கொதி ஒரு கணமும் சாகவில்லை. கண்ணாடிக் குழாயில் மட்டம் அசையவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது. நான் இந்த முறை கதிரையில் இருக்கவில்லை, யோகனும் மூக்கை நீட்டிக்கொண்டே நின்றார். முன்பெல்லாம் இருட்டும்வரை இழுபடும் சாறு, பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் பாணியாகி வடிந்தது. நல்ல தேன் நிறம். கசப்பு இல்லை, கருகல் இல்லை.

ஃப்ராவ் ஹார்ட்மன் ஏணியைக் கேட்டார். யோகன் பிடித்துக்கொள்ள, ஏறினார். உத்தரத்தை உள்ளங்கையால் தடவினார். கைலேஞ்சியை எடுத்து ஒத்திப் பார்த்தார். இறங்கினார். கைலேஞ்சியை விரித்துப் பார்த்து மடித்தார்.

"குறை சொல்ல ஒண்டுமில்லை," என்றார்.

இந்தப் பக்கத்து ஜேர்மன்காரரோடு பழகியவர்களுக்குத் தெரியும், இதற்குமேல் ஒரு பாராட்டு அவர்களிடம் இல்லை. லோன்றி முதலாளி எனக்கு இதை இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு தரம்தான் சொல்லியிருக்கிறார்.

போகத் திரும்பியவர் நின்றார். மூடியின் பீலியில் இருந்து ஒரு வாயால் சுடுதண்ணீர் வெளியே மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டார். ஆவி குளிர்ந்த தண்ணீர், சுத்தமானது என்றேன். கல்க் இருக்குமா என்றார். கல்க் என்றால் இந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் வரும் சுண்ணாம்பு. கண்ணாடியைத் துடைத்தாலும் வெள்ளைக் கோடு விடும். ஒரு துளி இல்லை என்றேன்.

வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது சிலிண்டர் இல்லை, கையில் ஒரு வாளி இருந்தது. நிறைத்துக்கொண்டு போனார். திரும்ப வந்தார். நாங்கள் தட்டைக் கழுவி முடிக்கும்போது வீட்டின் முன்பக்க ஜன்னல் எல்லாம் துடைத்து முடித்திருந்தார். வெயில் பட்டு மினுங்கியது. நாங்கள் காரில் ஏறும்போது துடைக்கும் துணியோடு வாசலுக்கு வந்தார்.

"வாற சனி காலையில வெள்ளண வாங்கோ, ஃப்ராவ் யோகா. பின்பக்க ஜன்னல் இன்னும் கிடக்கு."

இரண்டு வருடம் எனக்கு இடம் தந்தவருக்கு, எனக்கு இடம் தந்ததால் ஒரு நன்மை கிடைத்தது அன்றைக்குத்தான் முதல் தரம்... சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதை யோசிக்க எனக்கு ஒரு வாளி சுடுதண்ணீர் தேவைப்பட்டது.